அடுக்களையில் ஓர் ஆலயம்

இறைவனைத் தொழுவதற்கு ஆலயங்கள் உண்டு. அதற்கென வகுத்த நேரங்களும் உண்டு. ஆலயத்தினின்று வெளியே வந்து அன்றாட வேலையில் இறங்கியதும் வழிபாடு முடிந்துவிடுமோ? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக அளித்தவர் சகோதரர் லாரன்ஸ். அவர் கல்வியிற் சிறந்த புலவர் அல்லர். பாரிசு நகரத்துத் துறவி மடம் ஒன்றில் சமையல் செய்தவர்.

அவருடைய இயற்பெயர் நிக்கோலாஸ் ஹெர்மன். இன்று பிரான்சு நாட்டின் பகுதியாக உள்ள லொரேன் அக்காலத்தில் தனி நாடாக இருந்தது. அந்நாட்டுச் சிற்றூர் ஒன்றில், எளிய குடும்பத்தில், 1614ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். அவருக்குப் பதினெட்டு வயதானபோது, குளிர்காலத்தில் ஒருநாள், இலையெல்லாம் உதிர்ந்து நின்ற மரம் ஒன்றைக் கண்டார். பட்ட மரம் போல் நிற்கும் இது சில திங்களில் தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என எண்ணினார். அவ்வாறு அதனைத் தழைக்கச் செய்யும் இறைவனின் ஆற்றலும் அருளும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன.

ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் நிகழ்ந்த காலம் அது. நிக்கோலாஸ் படைவீரரானார். ஒருமுறை ஜெர்மானியப் படையினர் அவரை ஒற்றன் என ஐயுற்றுப் பிடித்துத் தூக்கிலிட முனைந்தனர். குற்றமற்ற தமக்குச் சாவைப் பற்றிய அச்சம் இல்லை என அவர் அமைதியாக நின்றார். அவர்கள் அவரை விடுவித்தனர். பின்னர் 1635ஆம் ஆண்டில் காலில் காயமுற்றார். அதனால் உண்டான ஊனம் வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை.

போர்த்தொழிலை விட்டபின் செல்வர் ஒருவரிடம் சிலகாலம் ஏவலராக இருந்தார். 1640இல் பாரிசிலுள்ள கார்மேல் சபை மடத்தில் சேர்ந்து, லாரன்ஸ் என்னும் துறவுப் பெயர் பெற்றார். குருப்பட்டம் பெறாத எளிய சகோதரராகிய அவருக்கு அடுக்களைப் பணி கொடுக்கப்பட்டது. அப்பணியில் அவருக்கு இயல்பாகவே வெறுப்பு மிகுதி. அதனினும் பெருந்துன்பம் ஒன்று அவரை உள்ளே வருத்தியது. தம் பாவங்களை நினைந்து, தமக்கு மீட்பு இல்லையோ என நெடுங்காலம் அவர் கலங்கினார். இறுதியில், முடிவு எதுவாயினும் ஆகுக, உயிருள்ளவரை இறைவன்பால் கொண்ட அன்பிற்காகவே எதனையும் செய்வது என உறுதி பூண்டார். அதன்பின் அவருடைய கலக்கம் தீர்ந்தது.

அன்றுமுதல் அடுக்களையே அவருக்கு ஆலயமாயிற்று. அடுப்பில் உணவு வெந்துகொண்டிருக்கும்போதும், பலர் ஒரே நேரத்தில் பலவற்றைக் கேட்டு நெருக்கும்போதும், அவர் இறைவன் தம் அருகில் இருப்பதை மறவாது உள்ளத்தால் அவனோடு உரையாடினார். தரையில் கிடக்கும் துரும்பை எடுப்பதாயினும் இறைவன்மீது கொண்ட அன்பினால் எடுத்தால் அதுவும் வழிபாடே என்பது அவர் கொள்கை. வேலைக்கிடையே நினைவு சிதறினால் அதற்காக நெடிது வருந்திக்கொண்டிராமல், பிழையை ஒப்புக்கொண்டு மீண்டும் இறைவனை நினைப்பார்.

மடத்திற்குத் திராட்சை மது வாங்கிவர ஒருமுறை அவரைப் பர்கண்டிப் பகுதிக்கு அனுப்பினர். வாணிக நுட்பம் அறியாத அவர், ஊனமுற்ற காலால் படகில் நடக்க இயலாமல், பீப்பாய்களின்மேல் உருண்டு உருண்டே இடம்பெயர நேர்ந்தது. எனினும், இது இறைவன் பணி என்று எண்ணி மனங்கோணாமல் முடித்து வந்தார்.

பதினைந்து ஆண்டுகள் அடுக்களையில் உழைத்தபின், கால்நோய் மிகுந்தமையால், உட்கார்ந்தவாறே செய்யக்கூடிய செருப்புத் தைக்கும் வேலையை ஏற்றார். கற்றோரும் அவரை நாடி வந்தனர். பின்னாளில் பேராயராக விளங்கிய அறிஞர் பெனெலோனும் நோயுற்றிருந்த அவரைக் கண்டு உரையாடினார்.

சகோதரர் லாரன்ஸ் 1691ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் எழுதிய கடிதங்களையும் அவருடன் நிகழ்த்திய உரையாடல்களையும் ஜோசப் தெ போபோர் என்னும் குரு தொகுத்து, 1692இலும் 1694இலும் நூல்களாக வெளியிட்டார். அவை பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, கிறித்தவத்தின் பல பிரிவினராலும் போற்றிப் படிக்கப்படுகின்றன.

உயர்ந்த வேலை, தாழ்ந்த வேலை என்னும் வேற்றுமை செய்யும் பொருளில் இல்லை. செய்வாரின் உள்ளத்திலேயே உள்ளது. விருப்பமில்லாத வேலையையும் அன்பினால் வழிபாடாக்கலாம் என்பதே அச்சமையற்காரரின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.