அப்பாவுக்குக் கடிதம் எழுதிய கணித மேதை



சர்வே பிராக்டிகலில் நான் பட்ட அவமானத்தை எங்க பேட்ச் பசங்க இன்னும் மறக்கவில்லை. ஒரே ஸ்டேஷனில் தியோடலைட்டை நிறுத்தி இரண்டு ரேஞ்சிங் ராடுகளைப் பார்த்தோம். ஒன்று 30 மீட்டர் தூரம், 20 டிகிரி. மற்றது 40 மீட்டர், 80 டிகிரி. ராடு இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று சார் கேட்டார். நாற்பதில் முப்பது போனால் பத்து என்று எழுதி நீட்டிவிட்டேன். டேப் பிடித்தால் 36 மீட்டரைத் தாண்டுகிறது. ஒரே சிரிப்பு!

தூரமும் கோணமுமாகப் புள்ளியைச் சொல்வதுதான் போலார் கோ-ஆர்டினேட் என்று அப்புறம்தான் புரிந்தது. அந்தக் கணக்கைத் தேடி லைப்ரரிக்குப் போனவனுக்குக் கிடைத்தவர்தான் ஜம்ஷீத் அல்-காஷி.

ஈரானில் காஷான் அவர் ஊர். வைத்தியம் தெரிந்தவர், மனசு மட்டும் வானத்தில். தைமூரின் படையெடுப்புகளுக்குப் பின் நாடே நொடித்துக் கிடந்த காலம் அது. வறுமையில் ஊர் ஊராக அலைந்தவர், 1406 ஜூன் 2 அன்று காஷானில் சந்திர கிரகணத்தைப் பார்த்துக் குறித்து வைத்தார். சோத்துக்கே வழியில்லாதப்ப கிரகணம் பாக்கத் தோணுமா நமக்கு?

தைமூரின் பேரன் உலுக் பேக் சமர்கந்தை ஆண்டார். அரசர்தான், ஆனால் கணக்குப் பைத்தியம். 1420 வாக்கில் அல்-காஷி அங்கே போய்ச் சேர்ந்தார். 1424-ல் பையின் மதிப்பை 16 தசம இடம் வரை சரியாகக் கண்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பலகோணத்துக்கு 80 கோடிக்கு மேல் பக்கங்கள்! கால்குலேட்டர் இல்லாமல்! பிரபஞ்சத்தின் சுற்றளவைக் கணக்கிட்டாலும் ஒரு குதிரை முடி அளவுகூடப் பிசகக் கூடாது என்பது அவர் பிடிவாதம்.

1427-ல் முடித்த 'மிஃப்தாஹ் அல்-ஹிசாப்' என்ற நூலில்தான் நம்ம சமாச்சாரம் வருகிறது. யூக்ளிட் பரப்பளவாகச் சொன்ன உண்மையை, முக்கோணத்துக்குக் கணக்குப் போடத் தோதாக மாற்றிக் கொடுத்தார். பிரான்சில் கோசைன் விதிக்குப் பெயரே அல்-காஷி தேற்றம்தான். இரண்டு தூரங்களின் வர்க்கத்தைக் கூட்டினால் 2500. இரண்டையும் பெருக்கி, இரட்டித்து, 60 டிகிரி கோசைனால் பெருக்கினால் 1200. கழித்தால் 1300. வர்க்கமூலம் 36.06. டேப் சொன்னது பொய்யில்லை, நான்தான் கோணத்தை விட்டுவிட்டேன்.

சமர்கந்திலிருந்து அவர் அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அரசர் சபையில் மற்றவர்கள் திணறிய கணக்கைத் தான் போட்டதையெல்லாம் எழுதுகிறார். அரசரையும் காஜி ஜாதாவையும் தவிர வேறு யாரையும் பெரிசாக மதிக்கவில்லை. தற்பெருமை ஜாஸ்திதான். ஆனா அப்பாகிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்றது?

என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். லீவுக்குப் போனபோது திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொன்னேன். கணக்கைத் தலையாட்டிக் கேட்டவர், அந்தப் புள்ள திரும்ப ஊருக்கு வந்துச்சா என்று கேட்டார். இல்லப்பா, 1429 ஜூன் 22-ல் சமர்கந்திலேயே இறந்துட்டார் என்றேன்.

கொஞ்ச நேரம் அப்பா பேசவில்லை. பிறகு, அடுத்த லீவு எப்ப என்று கேட்டார்.