மில்வாக்கி நகரில் பெண்கல்வி வளர்த்த மத்தில்டா அன்னெக்கே அம்மையார்

பெண்கல்வியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் சில பெயர்களையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிவிட்டோம். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் நன்கு அறியப்பட்டு, நம்மவர் செவிக்கு இன்னும் எட்டாத பெயர் ஒன்று உண்டு. அப்பெயருக்குரிய மத்தில்டா பிரான்சிஸ்கா அன்னெக்கே அம்மையாரின் வாழ்வை இம்மலரில் கூற விழைகின்றோம்.

பிரஷ்ய அரசின் ஆட்சிக்குட்பட்ட வெஸ்ட்பாலியா பகுதியில், 1817-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் அவர் பிறந்தார். கீஸ்லர் என்பது குடும்பப் பெயர். நிலமும் சுரங்கப் பங்கும் உடைய செல்வக் குடும்பம்; உடன்பிறந்தோர் பலருக்கும் இவரே மூத்தவர். தந்தையார் முதலீடுகளில் பொருளை இழந்து கடனில் மூழ்கினார். அந்நிலையில், 1836-இல், பத்தொன்பது வயதான மத்தில்டாவுக்கு ஆல்பிரட் டபூயோ என்னும் மது வணிகருடன் திருமணம் நடந்தது. தந்தையின் கடன் சுமைக்கும் மகளின் மணத்துக்கும் இருந்த தொடர்பை விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்களிலும் இக்கதை புதிதன்று.

கணவர் குடிப்பழக்கமும் கொடுஞ்செயலும் உடையவர். 1837-இல் ஃபானி என்னும் பெண் மகவு பிறந்தபின், கைக்குழந்தையுடன் அவ்வீட்டை விட்டு வெளியேறினார் மத்தில்டா. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1843-இல் மணவிலக்குக் கிடைத்தபோது, கணவரிடம் திரும்பிச் செல்ல மறுத்த காரணத்தால் குற்றம் மனைவியின் மீதே சுமத்தப்பட்டது. அடித்தவர் மீது பழியில்லை. அடிக்கு அஞ்சி வெளியேறியவர் மீது பழி! மனைவி தானாகவே மணவிலக்குக் கோரும் 'குலா' உரிமையை இஸ்லாம் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே வழங்கியதை இவ்விடத்தில் நாம் பெருமையுடன் நினைக்கிறோம். அவ்வுரிமை தமக்குண்டு என்பதை நம் பெண்களுள் எத்தனைப் பேர் அறிந்துள்ளனர் என்று வினவினால் அப்பெருமை சற்றுக் குறையத்தான் செய்யும்.

தனித்து வாழ்ந்த அவ்விளந்தாய்க்குப் பிழைப்புத் தந்தது எழுதுகோல். முதலில் கத்தோலிக்கப் பெண்களுக்கான வழிபாட்டு நூல்களை எழுதினார். கவிதைத் தொகுதிகளை வெளியிட்டார். ஒரு நாடகமும் இயற்றினார். பின்னாளில் அவர் திருச்சபையை விட்டும் சமய நம்பிக்கையை விட்டும் விலகிச் சென்றார். இதில் நாம் அவரோடு உடன்படுவதற்கில்லை. ஆயினும், நெருக்கடியான காலத்தில் சமயத்தின் பெயரால் தமக்கு அநீதியையே எடுத்துரைத்தவர்களை அவர் கண்டார் என்பதை மறந்து தீர்ப்புக் கூறுதல் தகாது. லூயிசே ஆஸ்டன் என்னும் பெண் எழுத்தாளர், தம் கருத்துகளுக்காக 1846-இல் பெர்லின் நகரை விட்டு வெளியேற்றப்பட்டபோது, அவருக்காக வாதாடி மத்தில்டா எழுதிய கட்டுரை, பெண்ணுரிமை எழுத்துகளின் வரிசையில் இன்றும் வைத்து எண்ணப்படுகிறது.

1847-இல், பதவி இழந்த பீரங்கிப்படை அலுவலரான ஃபிரிட்ஸ் அன்னெக்கேயை மணந்து கொலோன் நகரில் குடியேறினார். மறு ஆண்டு ஐரோப்பா முழுவதும் புரட்சித் தீ மூண்டது. தொழிலாளர் சங்கம் கண்ட ஃபிரிட்ஸ், 1848 ஜூலையில் சிறைப்பட்டார். அவர் சிறையிலிருக்கையிலேயே வீட்டில் ஆண்மகவு பிறந்தது. பேறுகாலம் கழிந்து ஈராண்டோ மூவாண்டோ ஓய்ந்திருக்கவில்லை அத்தாய். செப்டம்பர் 10-ஆம் நாளே உழைக்கும் மக்களுக்கான நாளிதழைத் தொடங்கிவிட்டார்! அச்சுப்பொறி வீட்டிலேயே இருந்தது. காரல் மார்க்சு தம் இதழை நடத்திவந்ததும் அதே நகரில், அதே காலத்தில்தான். அரசு இதழைத் தடை செய்தவுடன், 'மகளிர் இதழ்' என்று பெயரை மாற்றி வெளியிட்டார். பெண்களுக்கான ஏடு என்றால் சமையற் குறிப்பாக இருக்கும் என்று தணிக்கையாளர் எண்ணக்கூடும் என அவர் கருதினார் போலும். மிகச் சில இதழ்களிலேயே அதுவும் நின்றது.

1849-இல் பாடன் பகுதியில் நடந்த இறுதிக் கிளர்ச்சியில், பீரங்கிப் படையை நடத்திய கணவருடன் குதிரைமீது சென்று செய்தி சுமந்தார். கிளர்ச்சி தோற்றது. தம்பதியர் சுவிட்சர்லாந்து வழியே தப்பி, அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்கா சென்றடைந்தனர். பின்னர் மில்வாக்கியில் குடியேறினர்.

மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள அந்நகரின் நிலங்கள், சில ஆண்டுகளுக்கு முன்புவரை பொட்டவாட்டமி, மெனாமினி முதலிய தொல்குடி மக்களுடையவை. 1830-களின் உடன்படிக்கைகளால் அவர்களிடமிருந்து பெறப்பட்டவை. விஸ்கான்சின் மாநிலத் தகுதி பெற்றதே 1848-இல்தான். 1850-இல் நகரின் மக்கள் தொகை 20,061; அவர்களுள் பெரும்பகுதியினர் ஜெர்மானியர். கடைப்பலகை முதல் செய்தித்தாள் வரை ஜெர்மன் மொழியே வழங்கிய குடியேற்ற நகரம் அது. புதிய மண்ணில் புதிய உரிமைகள் முளைக்கும் என்று நம்பி வந்தவர்களுள், அவ்வுரிமைகள் தம் மனைவியர்க்கும் உரியவை என்று கருதியோர் மிகச் சிலரே.

1852 மார்ச்சில் அங்கே ஜெர்மன் மொழியில் ஒரு மகளிர் இதழைத் தொடங்கினார் அம்மையார். எழுதுவது மட்டுமன்றி அச்சுக் கோப்பதையும் பெண்களே செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். அச்சுக் கோக்கும் ஆடவர் கொதித்தெழுந்தனர். கூலி குறையும் என்ற அச்சம் பாதி, பெண்கள் தம்மருகே நின்று தொழில் செய்வதா என்ற வீம்பு பாதி. உரிமைக்காகச் சங்கம் கண்ட உழைப்பாளிகளே உழைக்க வந்த பெண்களை விரட்டியது வரலாற்றின் கசப்பான முரண். இதழைத் தூக்கிக்கொண்டு அம்மையார் கிழக்கே சென்றார். நியூவார்க் நகரிலிருந்து அது மேலும் சில காலம் வெளிவந்தது.

1853 செப்டம்பரில் நியூயார்க் நகரில் கூடிய பெண்ணுரிமை மாநாட்டில் கூச்சலிட்டுக் குழப்பம் விளைக்கவே ஒரு கூட்டம் வந்திருந்தது. அக்கூச்சலுக்கிடையே மேடையேறி ஜெர்மன் மொழியில் உரையாற்றினார் அம்மையார். எர்னஸ்டின் ரோஸ் அம்மையார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தாய்மொழியில் பேசினால் தாழ்வு என்று எண்ணும் நம் மாணவ மாணவியர் இக்காட்சியை மனக்கண்ணில் காண வேண்டுகிறோம்.

1858-இல் பெரியம்மை அக்குடும்பத்தைச் சூறையாடியது. தந்தை சிறையிலிருக்கப் பிறந்த அந்த மகனும் மாண்டான். மூத்த மகள் ஃபானியும், பெர்சி, ஹெர்தா என்னும் இளைய பிள்ளைகளுமே எஞ்சினர். துயரத்துடன் மில்வாக்கிக்குத் திரும்பிய அம்மையாருக்கு மேரி பூத் என்னும் அமெரிக்கக் கவிஞரின் நட்பு வாய்த்தது. மேரியின் கணவர், தப்பியோடி வந்த அடிமை ஜோஷுவா குளோவரை 1854-இல் மில்வாக்கிச் சிறையிலிருந்து மக்கள் மீட்டபோது முன்னின்ற இதழாசிரியர். பொதுவாழ்வில் வீரராயினும் இல்லறத்தில் மேரிக்கு அவரால் துன்பமே மிஞ்சியது. 1860-இல் தோழியர் இருவரும் பிள்ளைகளுடன் சூரிச் நகருக்குச் சென்று, எழுத்து வருவாயில் வறுமையோடு வாழ்ந்தனர். அடிமை முறையைச் சாடி அம்மையார் ஜெர்மன் மொழியில் கதைகள் எழுதியது இக்காலத்தில்தான். அடிமைச் சந்தையில் ஏலம் விடப்படும் பெண்களின் அவலமே அவற்றின் உயிர்நாடி. ஃபிரிட்ஸோ உள்நாட்டுப் போரில் பங்குகொள்ள அமெரிக்கா திரும்பிவிட்டார். அதன்பின் கணவனும் மனைவியும் மீண்டும் ஒரே இல்லத்தில் நிலையாக வாழவில்லை. அவர் 1872-இல் சிகாகோவில் விபத்தில் இறந்தார்.

1865-இல் மேரி பூத் மறைந்தார். அவ்வாண்டிலேயே செசீலியே காப் என்னும் ஆசிரியையுடன் மில்வாக்கிக்கு மீண்ட அம்மையார் ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 48. வாழ்வில் பிறர் ஓய்வை நாடும் பருவத்தில்தான் அவருடைய நிலைத்த பணி தொடங்கிற்று. பெண்பிள்ளைகளுக்குத் தையலும் பியானோவும் போதும் என்று கருதிய நாளில், மொழிகளோடு வரலாறும் அறிவியலும் அங்கே கற்பிக்கப்பட்டன. காப் அம்மையார் வாசர் கல்லூரிக்குப் பணியாற்றச் சென்றபின் பள்ளியின் சுமை முழுவதும் இவர் தோளில் விழுந்தது. கட்டணம் செலவுக்குப் போதவில்லை. சொற்பொழிவாலும் இதழ்களுக்கு எழுதியும் ஈட்டியதைப் பள்ளியில் இட்டு நிரப்பி, ஏறத்தாழ 18 ஆண்டுகள் அதனைக் காத்தார். நம் சமுதாயத்தில் பள்ளி நடத்திப் பார்த்த பெரியோர் இவ்வரியின் பொருளை நன்குணர்வர்.

1869-இல் பெண்களின் வாக்குரிமைக்காகத் தேசிய அளவில் சங்கம் அமைந்தபோது விஸ்கான்சின் சார்பில் துணைத் தலைவர் ஆனார். அவருக்குச் சொந்த இனத்தாரிடமிருந்தே எதிர்ப்பு வலுத்தது. பெண்கள் வாக்களித்தால் மதுக்கடைகளை மூடிவிடுவர் என்பது ஜெர்மானிய ஆடவரின் அச்சம். மதுவுக்கு அடிமையான முதல் கணவரிடம் பட்டதை அம்மையார் மறந்திருப்பாரா?

1876-இல் ஏற்பட்ட காயத்தால் வலக்கை செயலிழந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சோறு போட்ட கை அது. மறு ஆண்டு, கைக்குழந்தையாகத் தூக்கி வந்த ஃபானி இறந்தார். எனினும் பள்ளியின் கதவு மூடப்படவில்லை.

1884 நவம்பர் 25-இல் அம்மையார் மில்வாக்கியில் காலமானார். பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை 1919 ஜூன் 10-இல் முதலாவதாக ஏற்ற மாநிலங்களுள் விஸ்கான்சினும் ஒன்று. பிறந்த நாடு 1988-இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. மூன்ஸ்டர் நகரில் ஒரு பள்ளி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. மில்வாக்கியில் அவர் தொடங்கிய மகளிர் இதழின் படிகள் பெரும்பாலும் அழிந்துபோயின. கணவருக்கும் தோழியர்க்கும் எழுதிய கடிதங்கள் மாடிசன் நகரில், விஸ்கான்சின் வரலாற்றுக் கழகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.