சீதனப் பணமும் பட்டாணிக் கணக்கும்

பிறப்புரிமையியலின் தந்தை என்று உயிரியல் வகுப்பில் நாம் மனனம் செய்த கிரகர் மெண்டல், 1822 இல் இன்றைய செக் குடியரசின் சிற்றூரொன்றில் கமக்காரக் குடும்பத்திற் பிறந்தவர். தந்தை விபத்தொன்றில் காயமுற்றுத் தளர்ந்தபோது மெண்டலின் படிப்பு நின்றுவிடும் நிலை. இளைய தங்கை தெரேசியா தமது சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனின் கல்விக்காக விட்டுக்கொடுத்தார். தங்கையின் சீதனத்துக்காக அண்ணன்மார் உழைக்கும் யாழ்ப்பாணத்திற் பிறந்த நமக்கு இது புதுமைதான்.

1843 இல் புர்னோ நகர மடத்திற் சேர்ந்து துறவியானார். ஆசிரியத் தகைமைத் தேர்வில் தேறவில்லை. பின் இரண்டு ஆண்டுகள் வியன்னாப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். 1856 இலிருந்து மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்தார். உருண்டை வித்துச் செடியையும் சுருங்கிய வித்துச் செடியையும் கலந்தபோது முதற் சந்ததி முழுவதும் உருண்டை. இரண்டாம் சந்ததியின் 7,324 வித்துக்களில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. சரியாக 3:1 என்றால் 5,493, 1,831 என வந்திருக்க வேண்டும்.

அந்த 19 வித்துக்களின் வேறுபாடு தற்செயலா? அதை அளக்க இன்று நாம் கையாளும் சோதனை அன்று இருக்கவில்லை. மெண்டல் 1884 இல் மறைந்தார். 1900 இல் அவரது ஆய்வு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. அதே ஆண்டில் கார்ல் பியர்சன் கைவர்க்கச் சோதனையை வெளியிட்டார். வேறுபாட்டை வர்க்கித்து, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, இரு வகைக்கும் கூட்டினால் 0.26 வருகிறது. சந்தேகிக்க 3.84 ஐத் தாண்ட வேண்டும். ஆகவே 19 வித்துக்களின் வேறுபாட்டுக்குத் தற்செயலே போதும். 1936 இல் ரொனால்ட் பிஷர் மெண்டலின் பரிசோதனைகள் பலவற்றையும் இதே சோதனையாற் சேர்த்துப் பார்த்து, அவை எதிர்பார்ப்புடன் அளவுக்கு மீறி ஒத்துப்போவதாகக் காட்டினார். விவாதம் நீண்டது. விகிதம் மட்டும் பொய்க்கவில்லை.

அந்த விகிதத்தையே மருத்துவர்களாகிய நாம், தலசீமியாக் காவிகளான பெற்றோரிடம் நாலில் ஒன்று என்று சொல்கிறோம். முதற்பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகள் தப்பிவிடும் என்று அவர்கள் ஆறுதலடைவதுண்டு. அது சரியல்ல. ஒவ்வொரு கருவுக்கும் அதே நாலில் ஒன்றுதான். ஆயிரக்கணக்கான வித்துக்களில் தெரியும் ஒழுங்கை ஒரு வீட்டுப் பிள்ளைகளில் எதிர்பார்க்க முடியாது.

மெண்டல் தங்கையின் கடனை மறக்கவில்லை. அவரது ஆண்பிள்ளைகள் மூவரின் படிப்புக்கும் உதவினார், இருவர் வைத்தியர்களானார்கள். நம்மிற் பலரையும் இப்படி யாரோ ஒருவர் தம் பங்கைக் கொடுத்துப் படிப்பித்திருக்கிறார். நூற்றாண்டு மலரில் அவர்களையும் நினைப்போம்.