கூப்பன் அரிசியும் ஒரு பிரதமரின் பதவியும்

2022ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் திகதி பிரதமர் பதவியைத் துறந்த மகிந்த ராஜபக்‌ஷ, மறுநாள் குடும்பத்தினருடன் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தஞ்சம் புகுந்தார். செய்தி பரவியதும் தளத்தின் வாயிலில் மக்கள் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று களைத்துப்போன ஒரு நாட்டின் கோபம் அது. எத்தனையோ நாடுகளின் கப்பல்களைக் கண்ட துறைமுகம் திருகோணமலை. பதவியிழந்த ஒரு பிரதமர் சொந்த மக்களுக்கு அஞ்சி அங்கு ஒதுங்கியதை அன்றுதான் அது கண்டது.

ஆயினும், வெறுமையான திறைசேரி ஓர் அரசாங்கத்தைக் கடற்படையின் நிழலுக்குத் துரத்தியது இலங்கையில் அதுவே முதற் தடவையன்று. அதற்கு 69 ஆண்டுகளுக்கு முன்னர், 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ‘நியூபவுண்ட்லாந்து’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் இலங்கை அமைச்சரவை கூடியது. திருகோணமலையை இந்து சமுத்திரத்துக்கான தளமாக வைத்திருந்த அதே பிரித்தானியக் கடற்படையின் கப்பல்தான் அது. கரையில் ஹர்த்தால் நடந்துகொண்டிருந்தது. அன்று பிரதமராக இருந்தவர் டட்லி சேனநாயக்கா.

1911 ஜூன் 19ஆம் திகதி பிறந்த டட்லி, டி.எஸ். சேனநாயக்காவின் மூத்த மகனாவார். கல்கிசை பரி. தோமாவின் கல்லூரியிலும், பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் பயின்று, சட்டத் தகைமையும் பெற்று நாடு திரும்பினார். 1936இல் தெடிகமவிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். நாடு சுதந்திரம் பெற்றபோது தந்தையின் அமைச்சரவையில் விவசாய, காணி அமைச்சராக விளங்கினார். இறுதிவரை மணம் புரியாத அவர், புகைக்குழாயையும் புகைப்படக் கருவியையும் தோழமையாகக் கொண்டு எளிமையாக வாழ்ந்தவர் எனப் பெயர் பெற்றவர்.

சுதந்திரத்தின் பின்னர் விரிவடைந்த கந்தளாய், அல்லை குடியேற்றத் திட்டங்கள் திருகோணமலை மாவட்டத்தின் குடிசனப் பரம்பலை மாற்றத் தொடங்கியதைத் தமிழரும் முஸ்லிம்களும் மறந்துவிடவில்லை. எனவே, போற்றிப் பாடுவதற்காக டட்லியின் வாழ்க்கை இங்கு நினைவுகூரப்படவில்லை. அரச செலவைப் பற்றி இந்த நாடு இன்றுவரை கற்றுக்கொள்ளாத ஒரு பாடம் அவரது வாழ்க்கையில் இரு தடவைகள் எழுதப்பட்டிருக்கிறது என்பதனாலேயே நினைவுகூரப்படுகின்றது.

1952 மார்ச் 22ஆம் திகதி, குதிரையிலிருந்து வீழ்ந்து நோயுற்ற டி.எஸ். சேனநாயக்கா காலமானார். நான்கு தினங்களில், 40 வயதான டட்லி பிரதமரானார். மே மாதம் நடந்த பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பெருவெற்றி பெற்றது. பங்கீட்டு அரிசி கொத்து ஒன்று 25 சதத்துக்குத் தொடர்ந்து கிடைக்கும் என்ற வாக்குறுதி அவ்வெற்றிக்குப் பெரிதும் துணைபுரிந்தது. ஆனால் அந்த வாக்குறுதி அளிக்கப்பட்ட வேளையிலேயே, அதனைக் காப்பாற்றுவதற்கான பணம் கரைந்துகொண்டிருந்தது.

அந்தப் பணம் வந்த வழியையும் போன வழியையும் நோக்குவது அவசியம். 1950இல் கொரிய யுத்தம் வெடித்ததும் உலகச் சந்தையில் இறப்பரின் விலை வானளாவ உயர்ந்தது. ஏற்றுமதித் தீர்வையால் திறைசேரி நிரம்பியது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஜோன் எக்ஸ்டர் என்ற அமெரிக்கரை ஆளுநராகக் கொண்டு மத்திய வங்கியும் தொடங்கப்பட்டது. ஆனால், எதிர்பாராது வந்த அந்த வருமானத்தை நிரந்தர வருமானம் போலக் கருதி அரசாங்கம் செலவுகளைப் பெருக்கியது. இறக்குமதிகளும் பெருகின. வளமான அந்த இரண்டு ஆண்டுகளில், கெட்ட காலத்துக்கென எடுத்துவைக்கப்பட்டது மிகச் சொற்பம்.

கெட்ட காலம் விரைவிலேயே வந்தது. இறப்பர் விலை சரிந்தது. இறக்குமதி அரிசியின் விலையோ ஏறியது. கொத்தின் விலை 25 சதத்திலேயே நிலைநிறுத்தப்பட்டிருந்தமையால், உலகச் சந்தையில் அரிசி விலை ஏறிய ஒவ்வொரு முறையும் மானியச் செலவு தானாகவே வளர்ந்தது. வருமானம் குறைய, செலவு கூடியது. வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பு வேகமாகக் கரைந்தது. 1951இல் இலங்கையை ஆராய வந்த உலக வங்கிக் குழுவும் உணவு மானியத்தைக் குறைக்கும்படி ஆலோசனை கூறியிருந்தது. 1952 இறுதியில் சீனாவுடன் செய்துகொள்ளப்பட்ட இறப்பர் - அரிசி ஒப்பந்தம் ஓரளவு ஆறுதல் அளித்தபோதிலும், வரவு செலவுத் திட்டத்தில் விழுந்த துண்டை அதனால் அடைக்க முடியவில்லை.

1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தனா முன்வைத்த திட்டம் மக்களைத் திகைக்க வைத்தது. 25 சதமாக இருந்த கொத்து அரிசி ஒரே நாளில் 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரத, தபால் கட்டணங்களும் உயர்ந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே சிறிது சிறிதாகச் செய்திருக்க வேண்டிய சிக்கனம், ஏழை வீட்டு அடுப்பின் மீது ஒரே நாளில் இறக்கப்பட்டது. இடதுசாரிக் கட்சிகள் ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தன. தமிழரசுக் கட்சியும் ஆதரவளித்தது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, கடைகள் மூடப்பட்டன, அவசரகாலச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர்.

அந்த மரணங்கள் டட்லியை நிலைகுலையச் செய்தன. ஏற்கனவே நோயுற்றிருந்த அவர், ஒக்டோபர் 12ஆம் திகதி பதவி துறந்து அரசியலிலிருந்தே ஒதுங்கினார். அவரது இடத்துக்கு வந்த சேர் ஜோன் கொத்தலாவல, அரிசி விலையை 55 சதமாகக் குறைத்தார். விதியின் விளையாட்டு என்னவெனில், அடுத்த இரு ஆண்டுகளில் தேயிலையின் விலை உயர்ந்து திறைசேரி மீண்டும் நிரம்பியது. ஓரளவு கையிருப்பு இருந்திருக்குமாயின், ஈராண்டு நெருக்கடியைத் தாண்டி அந்த நல்ல காலத்தை அரசாங்கம் எட்டியிருக்கலாம். அரிசி விலையையும் படிப்படியாக உயர்த்தியிருக்கலாம். உயிர்களும் காக்கப்பட்டிருக்கலாம்.

1953இன் பின்னர் இலங்கை அரசியல்வாதிகள் கற்றுக்கொண்டது தவறான பாடம். கூப்பன் அரிசியில் கை வைத்தால் ஆட்சி கவிழும் என்பதை அவர்கள் விளங்கிக்கொண்டனர். நல்ல காலத்தில் சேமியாவிட்டால் கெட்ட காலத்தில் அரிசியில் கைவைக்க நேரும் என்பதை விளங்கிக்கொள்ளவில்லை. 1962இல் பங்கீட்டைக் குறைக்க முயன்ற பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா நிதியமைச்சர் பதவியை இழந்தார். அச்சம் காரணமாகச் செலவு தொடர்ந்தது. கையிருப்பு தொடர்ந்து தேய்ந்தது.

1957இல் அரசியலுக்கு மீண்ட டட்லி, 1960இல் சில மாதங்கள் பிரதமராக இருந்தார். 1965 மார்ச்சில் மீண்டும் ஆட்சி அமைத்தார். தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தமே அந்த ஆட்சிக்கு வழிகோலியது. திறைசேரியின் நிலை இம்முறையும் மோசமாகவே இருந்தது. ஆனால் டட்லி மாறியிருந்தார். 1966 டிசம்பரில், வாரம் இரண்டு கொத்தாக இருந்த பங்கீட்டை அவர் ஒரு கொத்தாகக் குறைத்தார். அந்த ஒரு கொத்தை அனைவருக்கும் இலவசமாக்கினார். குறைப்பு வந்தது, ஏழையின் கையில் எதுவும் எஞ்சாத நிலை வரவில்லை. அத்துடன், நெல்லுக்கான உத்தரவாத விலை 1967இல் புசல் ஒன்றுக்கு 14 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் போன்ற நெற்பிரதேசங்களின் விவசாயிக்கு அதனால் ஒரு நன்மை இருந்தது. உணவு உற்பத்தி இயக்கத்தைப் பிரதமரே முன்னின்று நடத்தினார். 1953ஐப் போன்ற இரத்தக்களரி இம்முறை நிகழவில்லை.

ஆனால் திறைசேரியில் மட்டுமல்ல, நம்பிக்கையிலும் கையிருப்பு வேண்டும். அதில் டட்லி தவறினார். உள்ளூராட்சி அமைச்சராக இருந்த மு. திருச்செல்வம், திருகோணமலைக் கோணேசர் ஆலயச் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தார். பௌத்த பிக்கு ஒருவரின் எதிர்ப்பைத் தொடர்ந்து பிரதமர் அக்குழுவின் பணியை நிறுத்திவைத்தார். 1968இல் திருச்செல்வம் பதவி விலகினார். மாவட்ட சபைகள் பற்றிய வாக்குறுதியும் அதே ஆண்டு கைவிடப்பட்டது. தமிழரசுக் கட்சி அரசாங்கத்தை விட்டு விலகியது. 1970 தேர்தலில் எதிரணியினர் குறைக்கப்பட்ட கொத்தைத் திருப்பித் தருவதாக வாக்களித்தபோது, ஐக்கிய தேசியக் கட்சி 17 ஆசனங்களாகச் சுருங்கியது. 1973 ஏப்ரல் 13ஆம் திகதி, தனது 61ஆவது வயதில் டட்லி காலமானார். அவரைத் தோற்கடித்த மக்களே பெருந்திரளாகக் கூடி அவருக்கு இறுதி மரியாதை செலுத்தினர்.

இந்த வாழ்க்கைக்கும் இன்றைய திருகோணமலைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். 2003இலேயே அரசிறை முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. வரவு செலவுப் பற்றாக்குறையை 2006இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 5 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என அது விதித்தது. அது நிறைவேறவில்லை, இலக்குகள் பின்தள்ளப்பட்டன. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அடுத்து வந்த பெருந்தொற்றைத் தாங்க எந்தக் கையிருப்பும் இருக்கவில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. 2024 ஜனவரியில் அதே வரி 18 சதவீதமாயிற்று.

1953இன் கொத்து அரிசி 2022இல் மண்ணெண்ணெயாக மறுபிறவி எடுத்தது. அவ்வாண்டு ஆகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாக உயர்ந்தது. வெளியிணைப்பு இயந்திரப் படகில் தொழில் செய்யும் கிண்ணியா, மூதூர், நிலாவெளி மீனவனுக்கு அது என்ன பொருள் என்பதை விளக்க வேண்டியதில்லை. உண்மை விலையை மறைத்து வைத்திருந்த மானியம், கையிருப்பு தீர்ந்த நாளில் இடியாக அவன் தலையில் விழுந்தது. டட்லியின் காலத்திலும் தவறு அதுவேதான்.

2024ஆம் ஆண்டின் பகிரங்க நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி நீங்கலான அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாதென வரையறுத்துள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் இரு விடயங்கள் கவனத்துக்குரியவை. முதலாவது, இந்த உச்சவரம்பு வட்டியைத் தொடுவதில்லை. 2023இல் அரச வருமானத்தில் பாதிக்கும் அதிகமான பங்கு வட்டிக்கே சென்றது. எனவே வரம்பு இறுகும்போது வெட்டு விழுவது வைத்தியசாலை, பாடசாலை, வறியோர் உதவி ஆகியவற்றின் மீதே. வெட்டு எங்கே விழுகிறது என்பதே 1953ஐயும் 1966ஐயும் பிரித்துக் காட்டியது.

இரண்டாவது, வரம்பு மட்டும் சேமிப்பாகிவிடாது. நல்ல ஆண்டில் வழமைக்கு மேலாக வரும் வருமானம் செலவு ஏட்டில் நுழையுமுன் ஒதுக்கப்பட வேண்டும். இன்று கிரிபாட்டி எனப்படும் பசுபிக் தீவுகளில், பொஸ்பேற்று ஏற்றுமதியில் கிடைத்த பணத்தைக் கொண்டு 1956இல் ஓர் ஒதுக்கு நிதி உருவாக்கப்பட்டது. 1979இல் பொஸ்பேற்று தீர்ந்துபோனது. நிதி இன்னும் அத்தீவுகளைத் தாங்குகிறது. எகிப்தில் ஏழு வளமான ஆண்டுகளின் விளைச்சலைக் களஞ்சியப்படுத்தி ஏழு பஞ்ச ஆண்டுகளைக் கடக்க வழிகாட்டிய யூசுப் நபியின் வரலாறு முஸ்லிம் வாசகர்கள் நன்கறிந்ததே. எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லில் கைவைக்கக் கூடாதென்பது தமிழ் விவசாயி வீட்டின் பழைய சட்டம். இரு சமூகங்களும் குடும்ப அளவில் கடைப்பிடித்த ஒழுங்கையே அரசிடம் எதிர்பார்க்கின்றன.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களை அழித்தபோது, வெளிநாட்டு உதவிக்காகவே மக்கள் காத்திருந்தனர். 2025 நவம்பரில் டித்வா புயலின் வெள்ளம் வந்தபோதும் நாடு பிறரின் கையை எதிர்பார்க்க நேர்ந்தது. அடுத்த புயல் எப்போது வரும் என்பதை எவரும் அறியார். அது வரும் நாளில் திறைசேரியில் என்ன இருக்கும் என்பதை, இன்று பாராளுமன்றத்தில் கையுயர்த்துவோர் தீர்மானிக்கின்றனர்.

டட்லி சேனநாயக்கா தீயவர் அல்லர்; மக்கள் சாவதைக் கண்டு பதவியைத் துறக்கும் மனச்சாட்சி அவருக்கிருந்தது. ஆனால் வெறுமையான களஞ்சியத்துக்கு முன்னால் நல்ல மனிதரும் கொடிய முடிவையே எடுக்க நேரிடும். கொத்து அரிசியில் கைவைக்க வேண்டிய நிலைக்கு இன்னொரு பிரதமர் தள்ளப்படாதிருக்க வேண்டுமானால், வருமானம் நன்றாக இருக்கும் ஆண்டிலேயே அந்தக் கொத்துக்கான பணம் எடுத்துவைக்கப்பட வேண்டும்.