பிரான்சிசு டேவிசு

பிரான்சிசு ரைட் டேவிசு (1887 – 1978) ஓர் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் ஆவார். பவர் சிடீரிங் என்று பரவலாக அழைக்கப்படும் திறன் திசைமாற்றியைத் தானுந்துகளுக்கு ஏற்ற வடிவில் உருவாக்கியவராக இவர் அறியப்படுகிறார். 1926 இல் இவர் ஓட்டிக் காட்டிய அமைப்பு, பொதுமக்கள் வாங்கும் தானுந்தில் இடம்பெற 25 ஆண்டுகள் ஆயின.

வாழ்க்கை

டேவிசு பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற பின், பஃபலோ நகரில் இருந்த பியர்சு-ஏரோ நிறுவனத்தில் சேர்ந்து, அதன் சரக்குந்துப் பிரிவின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். சுமையேற்றிய சரக்குந்தைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டை அவர் அங்கு அறிந்தார். எந்திர உதவியால் திசைமாற்றும் எண்ணம் அவருக்கு முன்பே சிலருக்கு இருந்தது. ஆயினும் நம்பி ஓட்டத்தக்க அமைப்பு எதுவும் பரவவில்லை.

1922 இல் டேவிசு அந்தப் பதவியைத் துறந்தார். மாசச்சூசெட்சிலுள்ள வால்தமில் ஒரு சிறு பட்டறையை வாடகைக்கு எடுத்து, ஜார்ஜ் ஜெசப் என்னும் கருவி வினைஞரின் துணையுடன் ஆய்வில் இறங்கினார்.

எக்கியும் வால்வும்

அக்கால நீர்மவியல் எந்திரங்களில் எண்ணெய் எப்போதும் உயர் அழுத்தத்தில் அடைத்து வைக்கப்பட்டதால் கசிவு பெருந்தொல்லையாக இருந்தது. டேவிசு இதைத் தலைகீழாக்கினார். வண்டி நேராகச் செல்லும்போது வால்வு திறந்தே இருக்கும். எக்கி அனுப்பும் எண்ணெய் குறைந்த அழுத்தத்தில் சுற்றித் திரும்பிவிடும். ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்பும்போது மட்டும் வால்வு வழியை ஒடுக்க, அழுத்தம் உயர்ந்து உந்துதண்டைத் தள்ளும்.

இவ்வகை எக்கியைப் பட்டறையில் சோதிக்கும் முறையும் இதே தத்துவத்தைச் சார்ந்தது. எக்கிக்கும் திசைமாற்றிப் பெட்டிக்கும் இடையே அழுத்தமானியும் அடைப்பு வால்வும் பொருத்தப்படும். வால்வு திறந்திருக்கையில் மானி குறைவாகவே காட்ட வேண்டும். ஓரிரு நொடிகள் மூடினால், தயாரிப்பாளர் குறித்த உச்ச அழுத்தம் எட்டப்பட வேண்டும். எட்டினால் எக்கி நன்று, குறையைப் பெட்டியில் தேடலாம். எட்டாவிட்டால் எக்கியையோ, அதை ஓட்டும் வாரையோ ஐயுற வேண்டும். ஐந்து நொடிகளுக்கு மேல் மூடி வைத்தால் எண்ணெய் சூடேறி நல்ல எக்கியும் கெடும்.

நீண்ட காத்திருப்பு

1926 இல் டேவிசு தன் அமைப்பைப் பொருத்திய பியர்சு-ஏரோ தானுந்தை டெட்ராயிட்டில் ஜெனரல் மோட்டார்சு பொறியாளர்களிடம் காட்டினார். ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று, காடிலாக் தானுந்துகளில் பொருத்தத் திட்டமும் உருவானது. ஆனால் பெருமந்தத்தில் விற்பனை சரிய, உற்பத்திச் செலவு கட்டுப்படியாகாது என 1934 இல் திட்டம் கைவிடப்பட்டது. குறை கணக்கேட்டில்தான் இருந்தது; எண்ணெய்க் குழாயில் இல்லை.

1936 இல் டேவிசு பென்டிக்சு நிறுவனத்துடன் இணைந்தார். இரண்டாம் உலகப்போர் வந்தபோது, திருப்புவதற்குக் கடினமான கனரகப் படை ஊர்திகளே இவரது அமைப்புக்கு முதல் பெரும் பயன்பாட்டை அளித்தன.

1951 இல் கிரைசுலர் நிறுவனம் தன் இம்பீரியல் தானுந்தில் ஐதராகைடு என்ற பெயரில் திறன் திசைமாற்றியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது டேவிசின் காலாவதியான காப்புரிமைகள் சிலவற்றைத் தழுவியது. போட்டியைக் கண்ட ஜெனரல் மோட்டார்சு, டேவிசு முன்பு தமக்காகச் செய்த வேலையைக் கொண்டே 1952 ஆம் ஆண்டுக் காடிலாக்கில் அதனைப் பொருத்தியது. அப்போது டேவிசு அறுபது வயதைக் கடந்திருந்தார். 1978 இல் காலமானார்.