கலைவாணர்: நடிகருள் ஒரு நாடகாசிரியர்

பாறசாலையை விட்டுத் தெற்கே புறப்படுவோர் களியக்காவிளை, குழித்துறை, தக்கலை ஆகிய ஊர்களைக் கடந்து நாகர்கோவிலை அடைவர். அந்நகரைச் சேர்ந்த ஒழுகினசேரியில், 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகத் தோன்றியவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அந்நாளில் கள்ளிக்காடும் நெய்யாற்றின்கரையும் நாகர்கோவிலும் ஒரே திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்தன. ஆகவே அவரை நம் நாட்டவர் என்று உரிமை கொண்டாட நமக்கு இடமுண்டு. ஆயினும் நாம் இங்கே சொல்ல விரும்புவது வேறு. நடிகர் என்று அவரைப் போற்றாதவர் இல்லை. நாடகாசிரியர் வரிசையில் வைத்து எண்ணுவோர்தாம் மிகச் சிலர். அது முறையன்று என்பது நம் கருத்து.

வறுமையால் அவருடைய பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவனுக்கு அக்கொட்டகையே பள்ளியாயிற்று. அதற்கும் முந்திய ஆசான் ஒன்று உண்டு, அதுதான் வில்லுப்பாட்டு. கோவில் கொடைகளில் விடிய விடிய வில்லடி கேட்ட நம் பகுதியாருக்கு அதன் அமைப்பை விளக்க வேண்டியதில்லை. தலைமைப் பாடகர் கதையைச் சொல்லிச் செல்வார். அருகிலிருப்பவர் ஆமாம் போடுவார், ஐயம் எழுப்புவார், குறுக்குக் கேள்வியும் கேட்பார். பிற்காலத்தில் கலைவாணரும் மதுரமும் திரையில் நடத்திய உரையாடல்களைக் கூர்ந்து நோக்குங்கள். ஒருவர் கூற்று, மற்றவர் கேள்வி, கேள்வியில் பிறக்கும் சிரிப்பு. வில்லுமேடையின் இலக்கணம் அப்படியே அங்கு இருப்பதைக் காணலாம்.

நாகர்கோவிலுக்கு வந்த டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் அவரைத் தந்தையார் சேர்த்துவிட்டார். அக்குழுவின் ஒளிவிளக்காகிய டி.கே. சண்முகமும் திருவனந்தபுரத்தில் 1912இல் பிறந்தவரே. அக்காலக் கம்பெனி நாடகங்களில் நகைச்சுவை என்பது இடையிடையே பபூன் வந்து போவதுதான். கதைக்கும் அவனுக்கும் தொடர்பிராது. பேச்சில் கொச்சை மலிந்திருக்கும். மற்றொரு புறம், சுகுண விலாச சபையை 1891இல் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், சபாபதி போன்ற நாடகங்களை எழுதித் தாமே நடித்துக் கற்றோர் அவையைச் சிரிக்க வைத்தார். கற்றோர் அவையின் தூய்மையைக் கம்பெனி மேடையின் பாமரக் கூட்டத்திற்குக் கொணர்ந்தவர் கிருஷ்ணனே எனலாம். பெண்கள் முகஞ்சுளிக்காமல் கேட்கத்தக்க நகைச்சுவை என்னும் நிலை அவரால் வலுப்பெற்றது.

1935இல் டி.கே.எஸ். குழுவின் மேனகா திரைப்படமாயிற்று; கிருஷ்ணனும் திரையில் தோன்றினார். மறு ஆண்டு எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் சதிலீலாவதி வெளிவந்தது. வசந்தசேனா படப்பிடிப்புக்காகப் பூனா சென்றபோது டி.ஏ. மதுரத்துடன் நட்புண்டாகி, அங்கேயே இருவரும் மணம் புரிந்துகொண்டனர். பின்னர் அவர் கைக்கொண்ட முறை புதுமையானது. படத்தின் கதை ஒருவருடையதாயிருக்க, நகைச்சுவைப் பகுதியைத் தம் குழுவினருடன் கூடித் தாமே புனைந்து, தாமே அமைத்துத் தருவார். பாட்டுக்கு உடுமலை நாராயணகவி துணை நின்றார். கதை, உரையாடல், பாத்திரம், முடிவு யாவும் அமைந்த சிறு நாடகங்களே அவை. பெரிய படத்தின் வயிற்றுக்குள் கிடந்தமையால் அவற்றை நாடகம் என்று யாரும் அழைக்கவில்லை, அவ்வளவே!

1944இல் தீபாவளிக்கு வெளிவந்த ஹரிதாஸ் சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்படத்தின் நாயகர் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் அவ்வெற்றியைச் சிறைக்குள்ளிருந்தே கேள்வியுற நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்துண்டு மாண்டார். டிசம்பரில் இருவரும் கைதாயினர். 1945 மே மாதத்தில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறு விசாரணைக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுதலை பெற்றனர். அந்த இரண்டரை ஆண்டுகளில் மதுரம் அம்மையார் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. எஸ்.வி. சகஸ்ரநாமம் முதலியோர் துணை நிற்க நாடக சபையை நடத்தி, வழக்குச் செலவையும் தாங்கினார். கணவரின் புகழை எழுதுவோர் இவ்வம்மையாரை ஒரு வரியில் கடந்து செல்வது நமக்கு வருத்தமே.

சிறையிலிருந்து மீண்டவர் கசப்போடு மீளவில்லை. 1949இல் அண்ணாதுரையின் எழுத்தில் நல்லதம்பியைத் தயாரித்து நடித்தார். அதில் வரும் கிந்தனார் காலட்சேபமே அவருடைய ஆசிரியத் திறனுக்கு நாம் காட்டும் முதற்சான்று. நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் நடையும் மெட்டும் அப்படியே நிற்கும். நந்தன் தில்லை செல்லத் துடித்தவன், கிந்தனோ படிப்பைத் தேடி ரயிலேறுகிறவன். தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் கல்வியால் உயர்வதைக் கேட்டு, எதிர்க்கருத்துடையோரும் சிரித்துவிட்டே சிந்திக்கத் தொடங்கினர். பழைய வடிவை அழிக்காமல் அதனுள்ளே புதுப் பொருளை வைப்பது தேர்ந்த நாடகாசிரியனுக்கே கைகூடுவது.

1951இல் மணமகளை இயக்கித் திருவனந்தபுரத்துப் பத்மினியைத் தமிழ்த் திரையின் கதாநாயகியாக்கினார். அடுத்த ஆண்டு பணம் படத்தை இயக்கினார். காந்தியடிகள் மறைந்தபின் நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் நினைவுத்தூண் எழுப்பியதும், சுப்பு ஆறுமுகம் எழுதிய காந்தி கதையை வில்லிசையாக ஊர்தோறும் பாடியதும் அவரே. இளமையில் கேட்ட வில்லிடம் இறுதியில் திரும்பி வந்தார்.

ஈட்டிய செல்வம் கையில் தங்கவில்லை. கேட்டவர்க்கு இல்லையென்னாது கொடுத்தார், கேளாதவர்க்கும் கொடுத்தார். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பத்து மாதங்கள் சென்றன. 1957 ஆகஸ்ட் 30ஆம் நாள், ஐம்பது வயதும் நிரம்பாத நிலையில், கலைவாணர் சென்னையில் காலமானார். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் அன்று துயரம் ஒன்றாகவே இருந்தது.

சென்னை தியாகராயநகரில் நிற்கும் அவருடைய சிலையை 1969 ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் திருநாளன்று, நோயுற்றிருந்த முதலமைச்சர் அண்ணா வந்து திறந்து வைத்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுவே. இருபது நாள் கழித்து, பிப்ரவரி 3இல், அண்ணாவும் மறைந்தார்.