வேர்முடிச்சுப் பாக்டீரியாவைத் தனியே பிரித்த மார்ட்டினஸ் பையரிங்க்

உளுந்துக்கு ரைசோபியம், நெல்லுக்கு அசோஸ்பைரில்லம், பருத்திக்கு அசட்டோபாக்டர் என்று உயிர் உரப் பொட்டலம் வாங்கியிருப்பீர்கள். இம்மூன்றின் வரலாற்றிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும்: நெதர்லாந்து நாட்டு மார்ட்டினஸ் பையரிங்க்.

1851-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். தந்தை புகையிலை வியாபாரத்தில் நொடித்துப்போய் ரயில்வே வேலைக்குப் போனவர். அதே புகையிலையில் வரும் தேமல் நோய்க்குக் காரணம் பாக்டீரியா அல்ல, வடிகட்டியிலும் நிற்காத வேறொன்று என்று 1898-ல் சொல்லி வைரஸ் ஆராய்ச்சிக்கு வழி திறந்தவர் மகன். அது தனிக்கதை.

வாகெனிங்கன் வேளாண் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர், 1885-ல் டெல்ஃப்ட் நகரின் ஈஸ்ட், சாராய ஆலையில் நுண்ணுயிரியல் வல்லுநராகச் சேர்ந்தார். பட்டாணி, அவரைக் குடும்பப் பயிர்களின் வேர்முடிச்சுகள்தான் அவற்றுக்குக் காற்றின் தழைச்சத்தைத் தருகின்றன என்று 1886-ல் ஜெர்மனியின் ஹெல்ரீகல் அறிவித்தார். அந்த முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவை 1888-ல் தூய வளர்ப்பாகப் பிரித்தெடுத்தார் பையரிங்க். அதோடு நிற்கவில்லை. 1890-ல் அந்த வளர்ப்பை அவரைக் குடும்பத்துச் செடி ஒன்றுக்கு ஊட்டி, வேரில் முடிச்சு வருவதையும் காட்டினார். என் பார்வையில் இந்த இரண்டாவது வேலைதான் பெரியது. காரணம், குழாயில் நன்றாக வளரும் ரைசோபியம் வேரிலும் வேலை செய்யும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

வளர்ப்பைப் பிரித்தெடுப்பதைவிட அதை மாறாமல் வைத்திருப்பது கடினம். அந்தக் காலத்தில் உறைகுளிர் பெட்டி கிடையாது. பழைய குழாயில் உணவு தீர்வதற்குள் புதிய குழாய்க்குக் கொஞ்சம் மாற்ற வேண்டும். இப்படி மாதம் தவறாமல், வருடக்கணக்கில். ஒவ்வொரு மாற்றத்திலும் பாக்டீரியா பல தலைமுறை பெருகுகிறது. அதில் எங்கோ ஒன்று மரபு மாறிப் பிறக்கிறது. குழாய்க்குள் சொகுசாக உணவு கிடைக்கும்போது, வயலில் தேவைப்படும் குணத்தைத் தொலைத்த செல் சில சமயம் வேகமாகப் பெருகி மற்றதை மூழ்கடித்துவிடும். விதை நெல்லில் கலப்பன் கதிரைப் பிடுங்காமல் ஆண்டுதோறும் அதையே விதைத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே கலப்பனைக் கண்ணால் பார்த்துப் பிடுங்கவும் முடியாது.

பையரிங்க் இதைக் கவனித்தார். அவர் வளர்த்த ஒளிரும் கடல் பாக்டீரியாக்களில் ஒளியிழந்த வகைகள் தோன்றின. உலர் திராட்சையிலிருந்து எடுத்த ஒருவகை ஈஸ்ட், தொடர்ந்து வளர்க்கும்போது வித்து உண்டாக்கும் திறனை இழந்துகொண்டே வந்தது. வித்துள்ள செல்கள் வெப்பத்தையும் காய்ச்சலையும் கூடுதலாகத் தாங்கும் என்பதால், அந்த வழியில் நல்ல செல்களைத் தேர்ந்து வளர்ப்பை மீட்கும் வழியை 1898-ல் எழுதினார். 1900-ல் நுண்ணுயிர்களின் பரம்பரை மாற்றங்களை வகைப்படுத்தித் தனிக் கட்டுரையே வெளியிட்டார். வளர்ப்பு கெட்டால் அசுத்தம் கலந்துவிட்டது என்று சொல்லி முடித்துக்கொள்வது அக்காலத்தில் எளிது. அவர் அப்படி முடித்துக்கொள்ளவில்லை.

1895-ல் டெல்ஃப்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். அசட்டோபாக்டரை 1901-ல் விவரித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. மாணவர்களிடம் மிகக் கடுமையாக நடந்துகொண்டார் என்பதை அவரை மதித்தவர்களும் மறைக்கவில்லை.

இன்று தாய் வளர்ப்பை உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்திக் கண்ணாடிக் குப்பியில் அடைக்கிறோம். அல்லது கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில், திரவ நைட்ரஜனில் என்றால் மைனஸ் 196 டிகிரியில் வைக்கிறோம். செல் பெருகாவிட்டால் மாறுவதற்கான வாய்ப்பும் மிகக் குறைவு. உற்பத்திக்கு ஒவ்வொரு முறையும் அந்தக் குப்பியிலிருந்து தொடங்க வேண்டுமே தவிர, போன மாதத்து வளர்ப்பிலிருந்து அல்ல. ரைசோபியத்தில் இது இன்னும் முக்கியம். பல ரைசோபிய வகைகளில் முடிச்சு போடும் மரபணுக்கள் பிளாஸ்மிட் என்னும் தனி வளையத்தில் இருக்கின்றன. அதிக வெப்பத்தில் வளர்த்தால் சில வகைகள் அந்த வளையத்தையே உதறிவிடும். பாக்டீரியா உயிரோடு இருக்கும், எண்ணிக்கையும் சரியாக இருக்கும், முடிச்சு மட்டும் வராது. ஆகவே எண்ணிக்கைச் சோதனை மட்டும் போதாது. செடியில் ஊட்டி முடிச்சு பார்க்கும் சோதனையும் வேண்டும். உங்கள் பகுதி உற்பத்தியாளரிடம் இதைச் செய்கிறீர்களா என்று தாராளமாகக் கேளுங்கள். நேர்த்தி செய்த விதை முளைத்த 30 நாளில் நாலைந்து செடிகளை மண்ணோடு தோண்டி முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது.

பையரிங்க் 1921-ல் ஓய்வு பெற்று, சகோதரிகளுடன் கோர்சல் என்னும் சிற்றூருக்குப் போனார். அங்கிருந்தும் எழுதினார். 1925-ல் ஸ்பைரில்லம் லிப்போஃபெரம் என்று ஒரு பாக்டீரியாவுக்குப் பெயர் வைத்தார். அதை அப்போது பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 1931 ஜனவரி 1 அன்று காலமானார். பிரேசிலில் ஜோஹான்னா டோபரைனரும் அவரோடு உழைத்தவர்களும் புல் வேர்களில் அதே பாக்டீரியாவை மீண்டும் தேடிப் பிடித்து ஆராய்ந்தனர். 1978-ல் அதற்குப் புதுப் பெயர் வந்தது: அசோஸ்பைரில்லம்.